திறந்தேட்டில் ஒரு நிறுத்தம்

மிதவை ரயில் சூலூரைத் தாண்டிய பிறகும் சென்னியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவோரம் நின்றபடி தன் கூட்டத்தை நான்காவது தடவையாகக் கண்ணாலேயே சரிபார்த்தார். பெட்டியின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த மகள் நித்திலாவின் துப்பட்டா எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. எதிர் இருக்கையில் இருந்த சம்பந்தியம்மா கோகிலவாணியின் பை காலடியில் பத்திரமாக இருந்தது. மாப்பிள்ளை சஞ்சித் எதன்மீதும் சாய்ந்துகொண்டிருக்கவில்லை. ஈரோட்டில் கல்யாணப் பட்டு எடுத்துத் திரும்பும்வரை இப்படியே போய்விட்டால் போதும்.

கதவில் கிதவில் ஏதாவது சிக்கினால் ரயில் நிற்கும். நின்றால், பெட்டிக்குப் பெட்டி பொருத்தியிருக்கும் மூலங்காணிக் கருவி அது யாரால் ஆரம்பித்தது என்று மோப்பம் பிடித்துவிடும். தொண்ணூறே விநாடியில் அந்த ஆளின் பெயர் ரயில் ஆணையத்தின் திறந்தேட்டில் ஏறிவிடும். ஏறினால் ஏறியதுதான். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்த ஏட்டைத் திறக்க வைத்தவரே சென்னியப்பன்தான். பதினோரு வருடத்துக்கு முன் அவர் மனைவி ருக்மணி, நடுவழியில் நாற்பது நிமிடம் நின்றுபோன ரயிலுக்குள் நெஞ்சுவலி வந்து இறந்தார். ஏன் நின்றது என்று கேட்டதற்கு ‘இயக்கக் காரணங்கள்’ என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது. அந்த இரண்டு சொல்லைத் தூக்கிக்கொண்டு ஆறு வருடம் ஆணையத்தின் படியேறி இறங்கினார். மனு, வழக்கு, உண்ணாவிரதம் எல்லாம் ஆகி, கடைசியில் சட்டம் வந்தது. ஆணையம் அவர் கேட்டதற்கும் மேலே போய் மூலங்காணியையும் பொருத்திவிட்டது. செய்தித்தாளில் அவர் படம்கூட வந்தது.

ஆனால் அந்த ஏட்டை வைத்து ஆணையத்தைக் கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜனங்கள் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான் முதலில் தேடினார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும், வேலை கேட்டு வந்தாலும், முதலில் ஏட்டைப் பார்த்தார்கள். கல்யாணத் தரகர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக நிறுத்தப் பொருத்தமும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“எங்க வகையறாவுல ஒருத்தர் பேர்லயும் ஒரு நிறுத்தம் கெடையாதுங்” என்று கோகிலவாணி அன்றைக்கும் ஒருமுறை சொன்னார். “நித்திலா பேரும் சுத்தமா இருந்துச்சுங். அதைப் பாத்துத்தானுங் மேல பேசுனது.”

“ஆமாங், ஆமாங்” என்று சிரித்துவைத்தார் சென்னியப்பன்.

அப்போதுதான் கதவை ஒட்டிய இருக்கையில் இருந்த ஆள் சரிந்தார். ஐம்பது தாண்டியவர், மடியில் சாப்பாட்டுப் பை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வேர்த்துக் கொட்டியது, அப்படியே தரையில் விழுந்தார்.

சிவப்பு உதவிப் பொத்தான் சென்னியப்பனுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அழுத்தினால் ரயில் நிற்கும். மருத்துவப் பறவை என்ற பறக்கும் ஆம்புலன்ஸ் இரண்டே நிமிடத்தில் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இறங்கும். அழுத்தியவர் பெயரில் ஒரு நிறுத்தமும் ஏறும். எதற்காக அழுத்தினார் என்று எழுதத் திறந்தேட்டில் இடமில்லை.

பெட்டியில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்னொருவருக்கு அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் அவசர வேலை வந்துவிட்டது. “தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க” என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் கொடுத்தால் ஏட்டில் ஏறாது.

சென்னியப்பனின் கை எழுந்தது. கோகிலவாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் பெயரில் நிறுத்தம் என்றால் அது மகளுக்கும் ஒட்டும். திருப்பூருக்கு ஐந்தே நிமிடம்தான், அங்கே எப்படியும் ரயில் நிற்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கை இறங்கி, சட்டைப் பையைத் தடவியது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை மறுபடி எழவில்லை.

“அக்கட்டால நகருங்க!”

மறுகோடியிலிருந்து கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த நித்திலா, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

தொண்ணூறாவது விநாடி எல்லார் கைப்பேசியிலும் செய்தி வந்தது. ‘சூலூருக்கும் திருப்பூருக்கும் இடையே நிறுத்தம். தொடங்கியவர்: நித்திலா சென்னியப்பன்.’

பறவை வந்து அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனது. கோகிலவாணி கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, “இன்னிக்கு நாளு சரியில்லையாட்ட இருக்குதுங்” என்றார். பட்டு எடுக்காமலே திரும்பினார்கள். மூன்றாம் நாள் தரகர் கூப்பிட்டு, நிறுத்தப் பொருத்தம் தட்டுகிறதாம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

சென்னியப்பன் சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஓர் உயிரைக் காப்பாற்றப் போனவளுக்கா இந்தக் கதி? சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. யாராவது மனுப் போட்டால், மூலங்காணி பார்த்ததை எல்லாம் முழுப் பதிவாக ஊருக்கே திறந்துவிட வேண்டும். கேட்டவருக்கு மட்டும் காட்டினால் அமுக்கிவிடுவார்கள் என்று, சண்டை போட்டு அந்தப் பிரிவைச் சேர்க்க வைத்தவரும் அவர்தான்.

“வேண்டாங்ப்பா” என்றாள் நித்திலா. “அவங்க போனா போறாங்க, உடுங்க.”

“நீ சும்மா இரு கண்ணு. நீ எதுக்கு அமுத்துனேன்னு ஊரே பாக்கோணும். அந்தம்மா மரமாட்ட உக்காந்திருந்ததையும் பாக்கோணும்.”

“நெசமாத்தானுங்ப்பா சொல்றேன். அதைத் தொறக்காதீங்க.”

அவர் கேட்கவில்லை. அன்றைக்கே மனுப் போட்டார். அதற்குப் பிறகு ஆறு நாளும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

ஒன்பதாம் நாள் காலை முழுப் பதிவு திறந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தார். அந்த ஆளின் பெயர் ராயப்பன், வயது ஐம்பத்தெட்டு. அன்று மாலையே மருத்துவமனையில் இறந்திருந்தார். மூலங்காணிக்குக் காரணம் தேடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ரயில் நின்றதைவிட ஆள் இறந்ததுதான் பெரிய நிகழ்வு என்று எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தையும் தேடி எழுதியிருந்தது.

‘உதவி கேட்பதில் தாமதம்: ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. தாமதத்தைத் தொடங்கியவர்: சென்னியப்பன். பொத்தானுக்கு மிக அருகில் இருந்தவர். இருபத்தாறாம் விநாடியில் கை உயர்ந்தது. இருபத்தொன்பதாம் விநாடியில் கை இறங்கியது. அவர் அழுத்துவார் என்று பதினான்கு பேர் காத்திருந்தனர்.’

அந்தப் பதினான்கில் கோகிலவாணியும் ஒருவர். மரமாட்டம் உட்கார்ந்திருந்தார் என்று இனி சென்னியப்பனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நித்திலா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். “நீங்க கைய எறக்குனதை நான் எந்திரிச்சு வாரப்பவே பாத்தனுங்ப்பா” என்றாள் மெதுவாக. “அதுக்குத்தான் வேண்டாம்னேன்.”

கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

“சென்னியப்பனுங்களா? நான் ராயப்பன் சம்சாரம் பேசறனுங், பழனியம்மா.” குரலில் கோபமே இல்லை. “பதிவைப் படிச்சனுங். கையத் தூக்குனீங்கன்னு போட்டிருக்குது. அப்பறம் ஏனுங் எறக்குனீங்க? அதை மட்டும் எங்கயும் போடலீங்.”

பதில் அவருக்குத் தெரியும். மகளின் கல்யாணத்துக்காக. அதை வாய்விட்டுச் சொன்னால் ராயப்பனின் சாவு அவள் தலையில் காலத்துக்கும் உட்கார்ந்துகொள்ளும். நித்திலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் பழனியம்மா காத்திருந்தார். காரணம் தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று சென்னியப்பனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

“கை நடுங்கிருச்சுங்கம்மா” என்றார். “வேற ஒன்னுமில்லீங்.”