நூல் மாவிலைகள்

"தோரணத்தக் காணோம்" என்று லோஷினி போட்ட சத்தத்தில் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்துப் புது வீடே திரும்பிப் பார்த்தது. வாசலில் ஐயர் காத்திருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது.

அடுப்படியில் பால் பானையைக் கழுவிக்கொண்டிருந்த செல்வராணி குழாயை மூடினாள். தோரணம் அவள் கைப்பையில்தான் இருந்தது.

கணவன் வேலு இறந்த பிறகு தம்போயில் இருந்த வீட்டில் தையல் தைத்தே கொழுந்தன் சுகுமாறனைப் படிக்க வைத்து, லோஷினியோடு கல்யாணமும் செய்து வைத்தவள் அவள். அவன் புது வீட்டு வாசலுக்கென்று ஆசை ஆசையாகக் குரோஷே ஊசியால் நூலில் மாவிலைத் தோரணம் பின்னியிருந்தாள். நடு நரம்புக்கு இளம்பச்சை, ஓரத்துக்குக் கரும்பச்சை.

நேற்று லோஷினியின் அம்மா யோகேஸ்வரி வந்து, "பின்னுனது அழகாத்தான் இருக்கு. ஆனா வாசல்ல கட்டுறது சுமங்கலி கையா இருக்கட்டும்" என்றாள். பக்கத்தில் நின்ற லோஷினி வாயே திறக்கவில்லை. கட்ட ஆகாத கை, பின்ன மட்டும் ஆகுமா? என் உழைப்பு என்னோடு இருக்கட்டும் என்று எடுத்து ஒளித்துவிட்டாள் செல்வராணி.

"அக்கா, நீங்க பாத்தீங்களா? மேசை மேலதான் இருந்துச்சு லா" என்று கேட்டபடி லோஷினி அடுப்படிக்குள் வந்தாள்.

'இல்லை' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பையைத் திறந்தாள்.

"நான்தான் எடுத்தேன். குடுக்க மனசு வரல."

"நல்ல நாள்ல இப்படியா செய்வாங்க…" என்று மகள் பின்னாலேயே வந்த யோகேஸ்வரி முகம் சுளித்தாள்.

"நீங்க சொன்னதுகூடப் பரவால்லைங்க. லோஷினி, நீ பேசாம நின்ன பாரு… அதத்தான் தாங்க முடியல. இந்தா, யார வேணும்னாலும் வச்சுக் கட்டிக்கோ. நான் பஸ் ஏறிக்கிறேன்."

கூடத்தில் இருந்த சுகுமாறன் பதறி எழுந்தான். அதற்குள் லோஷினி ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டாள்.

"அம்மா கோச்சுக்குவாங்கன்னு பயந்துட்டேன்க்கா. தப்புதான்… நீங்க கட்டலன்னா இந்த வாசல் வெறுமையாவே இருக்கட்டும்."

"லோஷினி…" என்று யோகேஸ்வரி குறுக்கே வந்தாள்.

"ஐயர் நிக்கிறாருமா. கொஞ்சம் தள்ளிக்குங்க."

செல்வராணிக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் ஏறினாள். ஸ்டூல் ஆடியது. லோஷினி அவள் கால்களை இறுகக் கட்டிக்கொண்டாள். முதல் முடிச்சைப் போடும்போதே பாதம் ஈரமாவது செல்வராணிக்குத் தெரிந்தது.

"அழாதடி… கால் வழுக்குது."

லோஷினி பிடியை விடவில்லை.