பச்சை விளக்கு அறை

“கதவ மூடுங்க!”

புகைப்படக்காரன் பதறிப்போய்க் கதவை மூடினான். கூடவே, நல்ல பிள்ளையாக விளக்கையும் போட்டான்.

தட்டுத் தட்டாக வெளிறிய முளைகள். நடுவே, எரித்துவிடுவதுபோல் இரண்டு கண்கள்... அழகான கண்கள் என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றித் தொலைத்தது.

“இதுங்கள இருட்டுலயே வளக்கணும் சார். வெளிச்சம் பட்டா ஆராய்ச்சி அவ்வளவுதான். ரெண்டு வார வேல... போச்சு!”

“சாரிங்க... வாசல்ல போர்டு எதுவும் இல்லையே...”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு. போட்டோவுக்கு அசிங்கமா இருக்கும்னு உங்களுக்காகத்தான் கழட்டினாங்க!”

ஆய்வகத்தின் பொன்விழா மலருக்குப் படமெடுக்க வந்தவன் அவன். மலரின் பெயர் ‘அறிவின் ஒளி’. இயக்குநர் மடிப்புக் கலையாத புது வெள்ளை அங்கியில் வந்து, சுவிட்சே போடாத நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பரவசமானார். கெட்டுப்போன முளைத் தட்டை அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரிதான் ஓரமாக நின்று ஏந்தினாள்.

“கை தெரியுதும்மா... தள்ளிக்கோ” என்றார் இயக்குநர்.

தள்ளிக்கொண்டாள். அவளுக்குப் பழகிப்போனதுதான். அவனுக்குத்தான் சுருக்கென்றது.

“உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா?”

“வெளிச்சம் இல்லாம எடுப்பீங்களா?” வெடுக்கென்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த இருட்டறை வாசலில் வந்து நின்றான். கேமராவில் மினுக்கும் பொட்டு விளக்குகளின் மேலெல்லாம் கறுப்பு டேப். அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள்.

“எடுத்து என்ன? மலர்ல போட விடுவாரா எங்க இயக்குநர்?”

“இது இல்லன்னா அவரு படமும் இல்லன்னு சொல்லிட்டேங்க.”

முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்... கதவு திறந்தது.

உள்ளே ஒரே ஒரு மங்கிய பச்சை விளக்கு. முளைகளுக்கு அது மட்டும் உறைக்காதாம்.

“இந்த வெளிச்சத்துக்கு ஒரு நிமிஷமாவது ஆகும். அசையாம லென்ஸையே பாருங்க.”

“மூச்சு விடலாமா?”

“கொஞ்சமா...”

ஸ்டாண்டில் நின்று கேமரா தன் வேலையைப் பார்த்தது. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்கும் புருஷன்போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான்.

வெளியே வந்து படத்தைப் பார்த்தார்கள். தட்டு, முளை, அவள் விரல்கள்... எல்லாம் துல்லியம். கண்கள் மட்டும் இப்படியும் அப்படியுமாய் இழுபட்டுக் கலங்கியிருந்தன.

“லென்ஸைத்தானே பாக்கச் சொன்னேன்!”

“நீங்க ஒரு இடத்துல நின்னிருந்தா... ஒழுங்கா வந்திருக்கும்.”

அவனுக்குப் புரிய இன்னொரு நிமிஷம் பிடித்தது.

“அப்போ இனிமே... ஒரே இடத்துல நின்னுடவா? உங்க பக்கத்துல?”

அவள் உள்ளே போனாள். இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“வர்றதுன்னா வந்து கதவ மூடுங்க... வெளிச்சம் படுது.”