பூட்டிய கடைக்கு ஒரு கும்பிடு

என் தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மொட் எங்கள் மாலின் பின்வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பையில் கட்டிய ஐஸ் காபி, இன்னொரு கையில் பன்றி இறைச்சி செருகிய இரண்டு குச்சி. வயது முப்பத்தொன்று. இதே வனாரி மாலின் கீழ்த்தளத்தில் இருந்த ஜப்பானியப் பெருங்கடையை மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. ஏழு மாதமாக வேலை இல்லை. எங்கள் தாய்லாந்து மொழியில் மொட் என்றால் எறும்பு. என் செல்லப் பெயர் கரும்பு. பெயர் வைத்த அப்பாவுக்குக் குசும்பு அதிகம். எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம் என்பதால் அக்கா பாதி, அம்மா பாதி என்றுதான் வளர்த்தேன்.

"இப்பவாவது சொல்லுக்கா. என்ன வேலை?"

"கும்பிடற வேலை."

"கோயில்லயா?"

"இங்கதான். கடைக்கு வர்றவங்களக் கும்பிடணும்."

"எந்தக் கடை?"

"கடை இல்லடி. பூட்டின கடை."

அவள் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "யாருமே இல்லாத கடைக்கு யாருமே வராதப்போ நான் கும்பிடணும். நல்லா இருக்குக்கா. இதுக்கு அனுபவம் வேற கேப்பாங்களே?"

வேடிக்கையாகத்தான் இருந்தது. பாங்காக்கில் வனாரி என்றாலே ஒரு காலத்தில் காலைக் கும்பிடுதான். சரியாகப் பத்து மணிக்கு ஒரு பாட்டு ஒலிக்கும், கண்ணாடிக் கதவுகள் விலகும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஆட்கள் நின்று, கைகுவித்து, தலை குனிந்து முதல் வாடிக்கையாளர்களை வரவேற்பார்கள். வந்தவரின் பாதம் தாண்டிப் போகும்வரை தலையை நிமிர்த்தக் கூடாது. அந்த மரியாதையை வாங்கிக்கொள்வதற்காகவே பணக்காரக் கிழங்கள் பட்டுடுத்தி வரும்.

எதிரே அருவி வைத்த புது மால் திறந்ததும் எல்லாம் போயிற்று. கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. நான் கடைகளை வாடகைக்கு விடும் பிரிவில் இருக்கிறேன். நான்காம் தளத்தில் நாற்பது கடைகளில் இருபத்திரண்டு மூடியிருந்தன. எல்லாவற்றின் முகத்திலும் பலகையடித்து, பூப்படம் ஒட்டி, 'விரைவில் திறக்கிறோம்' என்று எழுதியிருந்தோம். கட்டடத்தை மாலாகவே நடத்துவதா, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதா என்று முடிவு செய்யப் பணம் போடுகிறவர்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்து மணிக்கு வரிசையில ஓட்டை தெரியக் கூடாது, ஓராபின்" என்றார் என் மேலாளர் விச்சியன். "பலகைக்கு முன்னாடியும் ஆள் நிக்கட்டும். சீக்கிரமே கடை வரப்போகுதுன்னு தோணணும்."

யார் எங்கே நிற்பது என்ற பட்டியலை நான்தான் போட்டேன். மொட்டுக்கு 417. லிஃப்டுக்குப் பக்கம், ஏசி நன்றாக வரும். அந்தக் கடைக்கு ஆறு வருடத்தில் பதினோரு பேர் வந்து போயிருந்தார்கள். கைக்கடிகாரம், சாக்லேட், மெழுகுவத்தி, ஏதேதோ. ஒருவரும் வருடம் தாங்கவில்லை. ராசியில்லாத மூலை என்று எங்கள் அலுவலகத்தில் கிண்டல் செய்வோம்.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டின்போது மொட் கேட்டாள். "அக்கா, தினமும் முதல் ஆளா ஒரு பாட்டி வருதே, அது யாரு?"

"எந்தப் பாட்டி?"

"கூன் விழுந்த பாட்டி. செருப்பைத் தேச்சுத் தேச்சு நடக்கும். பக்கத்துல வந்தா பூச்சி உருண்டை வாசனை. ஒரு சுத்து சுத்திட்டு என் முன்னாடி வந்து நிக்குது."

"கடை திறந்திருச்சான்னு பாக்கும்."

"கடையைப் பாக்கலக்கா. என்னைப் பாக்குது." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் கை தூக்கறதுக்கு முன்னாடி அது என்னைக் கும்பிடுது."

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பெரியவர்கள் சிறியவர்களை முதலில் கும்பிட்டால் சிறியவர்களின் ஆயுசு குறையும். இது யாரும் சொல்லித் தந்து தெரிந்துகொண்டதில்லை. சின்னக் குழந்தைகூட பாட்டியைக் கண்டால் பதறிக்கொண்டு கைகுவிப்பது அதனால்தான்.

"நாளைக்கு நீ முந்திக்கோ" என்றேன். "பாட்டு ஆரம்பிச்சதுமே கையைக் குவிச்சு வெச்சுக்கோ."

"அப்படித்தான் வெச்சிருந்தேன் இன்னிக்கு. நான் நிமிர்ந்து பாக்கும்போது, அது லிஃப்டுல இருந்து வரும்போதே கை குவிஞ்சிருக்கு."

அடுத்த வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டபோது உச்சியில் ஒரு பிடி நரை. சாயம் வாங்கிவந்து பூசினேன். மூன்று நாளில் அது பின்தலைக்கும் இறங்கியிருந்தது.

நான்காம் தளக் காவலர் பிரசோப் அண்ணனிடம் போய்க் கேட்டேன். பாட்டி என்றதும் அவர் கழுத்துத் தாயத்தைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். கேமரா அறைக்குக் கூட்டிப்போய் அன்றைய காலைப் பதிவை ஓடவிட்டார்.

"நடைபாதையை மட்டும் பாருங்க."

பாட்டு தொடங்கியது. லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

லிஃப்டுக்கு எதிரே வாசனைத் திரவியக் கடைப் பெண் குனிந்தாள். அடுத்து காலணிக் கடைப் பையன். அடுத்து பலகைக்கு முன் நின்ற இருவர். ஒருவர் குனிய, முந்தையவர் நிமிர, நடைபாதையின் ஒரு பக்கம் முழுக்கக் குனிதல் நகர்ந்துகொண்டே போனது. கிழவிகள் நடக்கும் வேகம்தான். வழியில் யாருமே இல்லை. கோடி வரை போய்த் திரும்பி, மறுபக்க வரிசையைக் குனிய வைத்துக்கொண்டே வந்து, 417 முன்னால் நின்றது.

மொட் ஓர் அடி பின்னால் போய்ப் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் பாதத்தைப் பாத்துத்தான் குனியறாங்க" என்றார் பிரசோப் அண்ணன் மெதுவாக. "அந்தக் கடை வாசல்ல நிக்கறவங்க மட்டும்தான் முகத்தைப் பாக்கறாங்க. முன்னாடி நின்ன பொண்ணுங்களும் இப்படித்தான் பின்னால போவாங்க."

"ஏன் அண்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. கடை காலி பண்ணினவங்களும் எழுதிக் கொடுத்தாங்களே. உங்க ஆபீசுக்குத்தானே வந்துச்சு."

வந்திருந்தது. பதினோரு கடிதமும் என் அலமாரியில் இருந்தன. விற்பனைப் பெண்ணுக்கு உடல்நலமில்லை, ஆள் கிடைக்கவில்லை, காலி செய்கிறோம். பதினொன்றிலும் ஏறக்குறைய அதே வரி. நான் தேதியை மட்டும் பார்த்து, துளையிட்டு, கோப்பில் போட்டு, பன்னிரண்டாவது ஆளைத் தேடியிருக்கிறேன்.

மறுநாள் மொட்டை ஓய்வறையில் உட்காரவைத்துவிட்டு நான் 417 முன்னால் நின்றேன். எனக்கு வயது நாற்பத்தைந்து. எடுக்க வேண்டுமானால் என்னிடம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பாட்டு தொடங்கியது. பட்டப்பகல், கூரைக் கண்ணாடி வழியாக வெயில் கொட்டுகிறது, எனக்குப் பல் கிட்டித்தது.

பூச்சி உருண்டை வாசனை வந்தது.

குனிந்த என் கண்ணெதிரே பளிங்குத் தரையில் இரண்டு பாதங்கள் நடந்து வந்தன. தேய்த்து நடக்கவில்லை. குதிகால் உயர்ந்த செருப்பு, டக் டக் என்று தெளிவான நடை. என் முன் ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஓய்வறைப் பக்கம் திரும்பியது.

நான் ஓடினேன். கதவைத் திறந்தபோது மொட் மட்டும் நாற்காலியில் இருந்தாள்.

"ஏன்கா ஓடி வர்ற? போயிருச்சு" என்றாள்.

அன்றே வேலையை விடச் சொன்னேன். அவளும் விட்டாள். மறுநாள் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் அவளோடு உட்கார்ந்தேன். சன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தேன். பத்து மணிக்கு மொட் தானாக எழுந்து திரையை விலக்கி, வெளியே இரும்புக் கதவைப் பார்த்தாள். எனக்கு அங்கே தெருவும் வெயிலும்தான் தெரிந்தன.

"வந்திருச்சா?" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பிக்கு மந்திர நீர் தெளித்தார், மணிக்கட்டில் நூல் கட்டினார். மருத்துவமனைக்கும் போனேன். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், "இந்த வயசுல முட்டி இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் டாக்டர். எந்த வயதில் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து என் தங்கை கிழவியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் கையாலாகாத ஒருத்தி உலகத்தில் இருப்பாளா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம். படுக்கையிலிருந்து அவளால் எழ முடியவில்லை. பத்து மணி தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள். குரல் பஞ்சாகிவிட்டிருந்தது.

"அக்கா, இனிமே பயமில்லக்கா."

"என்னடி?"

"இன்னிக்கு நல்லாப் பாத்தேன். சின்னப் பொண்ணு. அழகா இருக்கா." அவள் மூச்சு வாங்கினாள். "இப்ப அவ என்னைக் கும்பிடறதுல தப்பே இல்ல. நான்தானே பெரியவ."

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாள்.

எங்கள் வழக்கப்படி, இறந்தவரைவிட மூத்தவர்கள் பெட்டிக்கு முன்னால் கும்பிட வேண்டியதில்லை. நான் ஒதுங்கி நின்றேன். கோயில் ஆள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்து ஊதுவத்தியை நீட்டினார். "அம்மாவுக்கு வெச்சுக் கும்பிடுங்க. மகள்தானே நீங்க?"

நான் வாங்கிக்கொண்டேன். எறும்பை மண்டியிட்டுக் கும்பிட்டேன். அழுகையில் ஊதுவத்தியின் நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இருந்தது. விச்சியன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"ஓராபின், மால் பொழச்சுக்கிச்சு! இடிக்கப் போறதில்ல. ஒரே ஆள் நாலாம் தளத்துல பூட்டின கடை மொத்தத்தையும் கேக்கறாங்க. இருபத்திரண்டும்!"

"யாரு சார்?"

"சின்னப் பொண்ணுதான். பரம்பரைச் சொத்து போல. ஒரே ஒரு நிபந்தனை. கடை திறக்கும்வரைக்கும் காலைக் கும்பிடை நிறுத்தக் கூடாதாம். கடைக்கு ஒரு பொண்ணு, முப்பது வயசு தாண்டாம. வேலை கேட்டு வந்த மனுவெல்லாம் உங்க மேஜைல வெச்சிருக்கேன். நீங்கதான் பொறுக்கித் தரணும்."

மேஜையில் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் சிரிக்கிற முகம். பாதிப் பேர் மொட்டோடு வேலை பார்த்தவர்கள்.

"வேண்டாம் சார்" என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார். தங்கையை இழந்தவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று அவர் முகம் சொன்னது. "இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க. நீங்க இல்லன்னா வேற யாராவது பொறுக்குவாங்க, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். அதுதான் உண்மை. நான் போனால் என் நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாள். அவளும் தேதியை மட்டும்தான் பார்ப்பாள்.

கடை கேட்டவரின் விண்ணப்பம் கட்டுக்கு மேலேயே இருந்தது. பெயர் எனக்குத் தெரியாத பெயர். கீழே பிறந்த தேதி.

அது மொட்டின் தேதி. நாள், மாதம், வருடம் மூன்றும். அவள் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் பதினான்கு வயதில் தூக்கம் விழித்து உட்கார்ந்திருந்தவள் நான்.

வெளியே டக் டக் என்று சத்தம் கேட்டது. விச்சியன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

பூச்சி உருண்டை வாசனை அறைக்குள் வந்தது. நான் நிமிரவில்லை.

"ஏன்கா குனிஞ்சே இருக்க?" என்றது மொட்டின் குரல். "நீயே பொறுக்கிக் கொடுக்கா."