குவியலில் கிடந்த அப்பா

தெருவே அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடும். ஆள் சின்னவள், வயது பத்து. சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள்.

விடுமுறையில் பள்ளிக்கூடத்தை ஒரு சினிமாக் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். அது ஒரு போர்ப் படம். எதிரிப் படை ஓர் ஊரின் ஓவியங்களைக் கொள்ளையடித்துக் குவித்துத் தீ வைக்கிறது. கேப்டன் ஓடி வந்து மீட்கிறார். வாட்ச்மேன் இந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கதையை எழுதியதே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

கடுகு கூட்டத்துக்குள் புகுந்து மைதானத்தின் ஓரத்துக்கு வந்தாள். நடுவில் முப்பது படங்களைத் தங்க நிறச் சட்டம் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் குவித்திருந்தார்கள். அவள் பக்கம் பார்த்திருந்த முதல் படத்தைக் கண்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவள் அப்பா.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவருக்குப் பின் இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதைக் கடுகே வரைந்திருந்தாள். அப்பாவின் முதுகு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகள், மேலே கண்ணாடியில் அவர் கண்கள். அந்தக் கண்கள்தான் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டன. எட்டுத் தாளைக் கிழித்துப் போட்டாள். ஒன்பதாவதில்தான் அப்பா அவளைப் பார்த்தார். பத்தாவது தடவை வரைந்தால் மறுபடி பார்ப்பாரா என்பது அவளுக்கே தெரியாது.

படம் ஓவிய அறைச் சுவரில் அல்லவா இருந்தது?

சாமான்களைக் கவனிக்கிற ஆள் குவியலைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடுகு நேராக அவரிடம் போனாள்.

"அண்ணா, அது என் படம். எடுத்துக் குடுங்க."

"எல்லாம் பழைய படம், பாப்பா. ஸ்டோர் ரூம்ல இருக்கறத எடுத்துக்கச் சொல்லிட்டாங்க உங்க ஹெட்மாஸ்டர்."

"இது ஸ்டோர் ரூம்ல இல்ல. பக்கத்து ரூம்ல, சுவத்துல மாட்டியிருந்துச்சு."

அவர் கை சற்று நின்றது. கதவு மாறிப் போய் எடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வர வேண்டுமே.

"சின்னப் பசங்க கிறுக்கினதுதானே. நாளைக்கு இன்னொண்ணு வரஞ்சுக்கோ. மாமா உனக்கு சாக்லேட் வாங்கித் தரேன்."

கிறுக்கினதாம். சாக்லேட்டாம். கடுகின் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எனக்கு சாக்லேட் வேணாம். எங்கப்பா வேணும்."

அவள் கத்திய கத்தலில் எதிரிப் படை வீரர்கள் நாலு பேர் டீயைக் கீழே சிந்தினார்கள். சாமான்காரர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், எதிர்ப்பக்கம் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார். "சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அழுதால் உடனே சாக்லேட் வந்துவிடும்.

ஒத்திகை தொடங்கியது. கேப்டன் வேஷக்காரர் குவியலுக்கு முன்னால் வந்து நின்று முழங்கினார். "இதுல ஒரு படத்தக்கூட எரிய விடமாட்டேன். இதெல்லாம் மனுஷங்க உசிரக் குடுத்து வரஞ்சது."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுவது இப்படி, செய்வது அப்படியா?

அவளுக்கு முன்னால் ஒரு சின்ன டிவி இருந்தது. கேமரா பார்ப்பது அதில் தெரிந்தது. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகும் பார்த்தாள். இன்னொரு தடவை, இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அப்புறம் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

"டைரக்டர் சார், அந்தக் குவியல்ல என் படம் இருக்கு. பஸ் டிரைவர் படம். அது எங்கன்னு இந்த டிவில காட்டுங்க."

இயக்குநர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு, சின்னப் பெண் கேட்கிறாளே என்று டிவியில் தேடினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் தேடினார்.

"தெரியலயேம்மா. இந்தப் பக்கத்துலருந்து எல்லாமே முதுகுதான் தெரியுது. சட்டமும் பின்பக்கமும்."

"அப்ப தெரியாத படத்த எதுக்கு சார் எரிக்கறீங்க?"

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து குவியலை எட்டிப் பார்த்தார். சாமான்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"சார், எல்லாம் சட்டம் போட்டு ஆணி அடிச்சாச்சு. இனிமே எல்லாத்தையும் மாத்த முடியாது. வெயில் போயிடும்."

"முடியும்" என்றாள் கடுகு. வராந்தாவில் விளக்குகள் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகள் மலைபோல் கிடந்தன. "அத வெட்டி வைங்க. முதுகுக்கு அட்டை போதும். என் படம் மட்டும் இல்ல, முப்பதும் வேணும். மத்தவங்களும் உக்காந்துதான் வரஞ்சாங்க."

இயக்குநர் சாமான்காரரைப் பார்த்தார். "எங்கேருந்து எடுத்தீங்க?"

"பக்கத்து ரூம்ல, சார். கதவு மாறிப்போச்சு." அவர் குரல் பாதியாகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எதிரிப் படை மொத்தமும் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டியது. கேப்டன் ஆணி பிடுங்கினார். ஒரு ஆணி பிடுங்குவதற்குள் இரண்டு தடவை விரலை நசுக்கிக்கொண்டார். கடுகு ஒவ்வொரு படமாக எண்ணி வாங்கித் துடைத்து வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

தீ வைத்தார்கள். அட்டை நன்றாகவே எரிந்தது. கேப்டன் கதறிய கதறலில் வாட்ச்மேன் அழுதேவிட்டார்.

சாமான்காரர் இருபத்தொன்பது படங்களையும் சுவரில் மாட்டிவிட்டு வந்து கடுகின் முன்னால் நின்றார். "தப்புதான், பாப்பா. கேட்டிருக்கணும்." கடுகு தலையாட்டினாள். கோபம் பாதி இறங்கியது. மிச்சத்தை வைத்துக்கொண்டு, அப்பாவின் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

இயக்குநர் அவள் பின்னால் ஓடி வந்தார்.

"ஒரு நிமிஷம்மா. நாளைக்குக் கடைசிக் காட்சி. கேப்டன் ஒரு படத்தக் கையில தூக்கிட்டு வெளிய வரணும். அதுல படம் நல்லாத் தெரியும். ஒரு ராஜா படம் வரஞ்சு வச்சிருக்கோம். ஆனா எனக்கு உங்கப்பா படந்தான் வேணும்னு தோணுது. தருவியா? பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன்."

கடுகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேட்டுட்டீங்கல்ல. யோசிச்சுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அவ்வளவு பெரிய இயக்குநர் அவள் பதிலுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.