அடங்காத அலை

சுபஸ்ரீயின் போன் அலறியது.

அவளால் எடுக்க முடியவில்லை. போன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்... பேராசிரியர் தர்மராஜின் கையில்!

இந்தப் பக்கம் கோல்டு ரூம். நாலு டிகிரி. வெளியே தாழ்ப்பாள்.

வைகுண்ட ஏகாதசி லீவு. ஊரே ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலுக்கு நின்றது. உறையூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை.

"கதவைத் திறங்க சார்!"

"நாளைக்கு வாட்ச்மேன் திறப்பாரும்மா. 'தெரியாம மாட்டிக்கிச்சே பொண்ணு'ன்னு நானும் அழுவேன்."

"சோதனையே செய்யாம ரிசல்ட் எழுதுனீங்க. அதைச் சொன்னா கொலையா?"

"செஞ்சு வேற பாக்கணுமாக்கும்! காபாங்கிற ரசாயனம் நரம்புக்கு பிரேக். ஊத்துனா அடங்கும்."

போனை அணைத்தவர் மேஜையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

மேஜைத் தட்டில் ஐந்து நாள் கோழிக்கருவின் தண்டுவடம். யாரும் தொடாமலே, தானாகவே சில நிமிடத்துக்கு ஒருமுறை மின்சாரம் துடிக்கும். திரையில் அலை எழும். அதே அலை பாலக்கரை வீட்டில் இருக்கும் ஹஃப்ஸாவின் போனிலும் ஓடும். அவள் சுபஸ்ரீயின் ஆய்வுத் தோழி.

"அலை ஓடுனா நீ இன்னும் இங்கதான்னு தேடி வந்துடுவா. வயரைப் பிடுங்குனா அலாரம் அடிக்கும்... அலை அடங்கிட்டா? வேலை முடிஞ்சுதுன்னு அவ பேசாம இருந்துடுவா!"

காபா பாட்டிலை எடுத்தார்.

சுபஸ்ரீ கண்ணாடியை அறைந்தாள். பற்கள் கிடுகிடுத்தன.

"ஐயோ சார்! காபா மட்டும் வேணாம்! உங்க கால்ல விழறேன்!"

சிரித்தார். ஊற்றினார்.

அலை எகிறியது!

"அடங்கும்... இப்ப அடங்கும்..."

பத்து நிமிடம். பதினைந்து. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இன்னும் எகிறியது! சுபஸ்ரீயின் விரல்கள் மரத்தன. கால்கள் மடங்கின...

தடால்!

தாழ்ப்பாள் திறந்தது. ஹஃப்ஸா! பின்னால் ஒரு எஸ்.ஐ., அவர் பிடியில் தர்மராஜ்.

"என்னைக் கேக்காம நீ ஒரு சொட்டு மருந்து ஊத்த மாட்டியேடி! அலை குதிக்குது, போனும் ஆஃப். ஸ்டேஷனுக்கு ஓடிட்டேன்!"

தர்மராஜ் திரையையே வெறித்தார். "காபா... அடக்கணுமே?"

ஹஃப்ஸாவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சுபஸ்ரீ நடுங்கிச் சிரித்தாள்.

"வளந்த நரம்பை அடக்கும் சார். கருவை உசுப்பிவிடும். வேணாம்னு கெஞ்சுனா ஊத்துவீங்கன்னு தெரியும்."

"அடிப்பாவி..."

"வாழ்க்கையில முதல் தடவையா நிஜமாவே ஒரு சோதனை செஞ்சிருக்கீங்க. ரிசல்ட்டை எஸ்.ஐ. சார் எழுதிப்பாரு!"