ஏரிக்கரையில் மோதிய காகம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சாவுகூட விளையாட்டாகிவிட்டது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கும்போதே, செத்துவிட்டான் என்று போனில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். முனிராஜுக்கு அன்று காலை வயிறெரிந்தது அதனால்தான்.

வாட்ச்மேன் வேலைக்குத் தொம்மலூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போனவர், அல்சூர் ஏரிக்கரை வளைவில் திரும்பினார். பனி விலகவில்லை. தண்ணீரிலிருந்து பாசி நாற்றம் வந்தது. திடீரென்று கறுப்பாக ஒன்று நெற்றியில் வந்து அறைந்தது. இறக்கை கண்ணை மூட, சைக்கிளோடு சாய்ந்தார்.

காகம். கீழே கிடந்த ஹேண்டில்பார்மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்தார். அப்போதும் பறக்கவில்லை. ஓங்கிய பிறகுதான் போனது.

நாலு வருஷத்துக்கு முன் அதே வளைவில்தான் அவர் தம்பி சரவணன் சைக்கிளில் நாய் பாய்ந்து, விழுந்து, மண்டை உடைந்து செத்தான். "நாயாவது ஒண்ணாவது, குடிச்சிட்டு விழுந்திருப்பான்" என்று சாவு வீட்டிலேயே சொன்னவர் முனிராஜ்.

ரத்தம் வழிய வீட்டுக்குத் திரும்பியதும் மருமகள் மமதா பதறினாள். கோலார் பக்கத்துக் கன்னடக்காரி; மாமனாரை ‘மாவா’ என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா தலையில அடிச்சா ஆகாது மாவா. எங்க ஊர்ல பொய்யா சாவுச் சேதி அனுப்பிடுவாங்க. சொந்தக்காரங்க யாராச்சும் நிஜமா அழுதுட்டா கண்டம் கழிஞ்சிரும். அப்புறம் பொய்யின்னு எல்லாருக்கும் சொல்லிடணும். ஒருத்தரை விடக்கூடாது."

"எனக்கு அழறதுக்கு எவன் இருக்கான்?"

அவள் அதற்குள் அனுப்பிவிட்டாள்.

முதல் அழுகை அத்திபெலேயிலிருந்து, அக்கா சின்னத்தாயி. முனிராஜ் போனைப் பிடுங்கினார். "நான்தான்க்கா பேசறேன்."

"அடப்பாவி! பஸ் ஏறிட்டேன்டா!"

"பொணமே சொல்லுது, எறங்கு."

மமதா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் அவள் விரல் நின்றது.

"மாவா... கல்யாணப் பத்திரிகை அனுப்பின பழைய லிஸ்டுக்கே அனுப்பிட்டேன். அதுல சின்ன மாவா நம்பரும் இருக்கு."

"சரவணனா? அவன் போன் அவனோடயே குழிக்குள்ள போச்சே."

"படிச்சிட்டாரு."

இரண்டு நீலக் கோடுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது.

மமதா அழுத்தினாள்.

முதலில் காற்று. பிறகு சைக்கிள் சக்கரம் சும்மா சுற்றும் சத்தம்.

பிறகு ஓர் ஆம்பிளை அழுதான். மூக்கை உறிஞ்சி, மூச்சு முட்டி, சின்னப் பிள்ளை மாதிரி.

"அண்ணே... வர்றேன்."

மமதா போனை அவர் வாயருகே நீட்டினாள். "சாகலைன்னு நீங்களே சொல்லிடுங்க மாவா. அழுதவங்க முகம் பார்க்க வருவாங்க. இவரு வந்தா தனியாத் திரும்ப மாட்டாரு."

"செத்தவன்கிட்ட, நான் உசுரோட இருக்கேன்னு சத்தியம் பண்ணணுமா? நம்பரை வேற எவனுக்காச்சும் கொடுத்திருப்பான் கம்பெனிக்காரன்."

"அண்ணேன்னு கூப்பிட்டாரே?"

"பஸ்ல கண்டக்டரும்தான் அண்ணேன்றான்."

"ஒரே ஒரு வார்த்தை மாவா."

"மாட்டேன் போ." நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் பின் டயர் தரையோடு அமுங்கிக் கிடந்தது. பஞ்சர் என்று குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். கல்லு மாதிரிக் காற்று இருந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அமுங்கல் அது.

கேரியரில் யாருமில்லை.

சைக்கிளைத் தள்ளப் பார்த்தார். அசையவில்லை.

"மட்டச் சரக்கு" என்று டயரைத் திட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

பத்தடி போயிருப்பார். பின்னால் கேரியர் கிரீச்சிட்டது.

"மாவா!" மமதாவின் குரல் உடைந்தது. "டயர் நிமிர்ந்துடுச்சு... யாரோ எறங்கினாப்ல!"

"அப்போ பஞ்சர் இல்ல" என்று திரும்பாமலே முனகிவிட்டு நடந்தார்.