பிரியாதவர்களின் பின்புலம்

அமுதவல்லிக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. ஆனால் எழுநூறு திருமணங்களில் வாழ்ந்த நினைவு அவளுக்கு உண்டு. குடும்ப ஆலோசகராக உரிமம் பெற அதுதான் தகுதி. விவாகரத்து பெறும் ஒவ்வொரு தம்பதியும் தங்கள் இல்லற நினைவுகளை அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு, 'நினைவேற்றி' என்ற கருவி அவற்றை ஆலோசகர்களின் மூளையில் பதித்துவிடும். அப்படிப் பதிந்த நினைவுகளுக்குப் பெயர் பின்புலம்.

ஈரோடு மையத்தில் அன்று அவள் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிந்துஜாவும் அவள் கணவன் கார்வண்ணனும்.

"தொவச்ச துணிய ஒரு நாளாச்சும் மடிச்சிருப்பாருங்களா? கேட்டா சிரிக்கிறாரு."

"அழுதா மட்டும் துணி மடிஞ்சிருமா?" என்றான் கார்வண்ணன்.

"என்னமோ பண்ணுங்க. உங்க இஷ்டம்."

அமுதவல்லிக்குள் நூற்றுக்கணக்கான மனைவிகள் அதையே சொன்னார்கள். அத்தனை பேரும் பிரிந்தவர்கள். 'பிரியலாம்' என்ற பொத்தானை நோக்கி அவள் விரல் போனது. அழுத்திவிட்டால் அதுதான் தீர்ப்பு.

"இந்த வார்த்தை வந்துட்டா அப்புறம் தாங்காதுங்க," என்றாள்.

"அதெப்படிங்க? எங்கம்மா முப்பது வருசமா அதத்தான் சொல்லுது. அப்பா இன்னும் அது கையாலதான் சாப்பிடறாரு," என்றாள் சிந்துஜா.

விரல் அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா எந்தப் பதிவிலும் இல்லை. பிரியாதவர்கள் யாருமே இல்லை. அப்படியானால் இதுவரை எத்தனை பேரைச் சும்மா பிரித்து அனுப்பினோம்?

'சேர்ந்து வாழலாம்' என்பதை அழுத்தினாள்.

மாலையே இயக்குநர் சென்னியப்பன் கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, உன்ற பின்புலம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே. ஆதாரம் காட்டோணும். இல்லீன்னா உரிமம் போயிரும்."

"பிரியாத குடும்பத்தோட நினைவு கொண்டுவந்தா ஒத்துக்குவீங்களா சார்?"

"ஒண்ணே ஒண்ணு கொண்டா. பின்புலத்தயே மாத்தி எழுதச் சொல்றேன். மாசக் கடைசி வரைக்கும் டைம்."

ஒத்துப்போகும் தம்பதிகளை வீடு வீடாகத் தேடினாள். காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். நினைவேற்றி என்றதும் எழுந்துகொண்டார்கள். "எங்கூட்டுச் சண்டைய ஊராள் மண்டைக்குள்ள ஏத்தறதா?" என்று கேட்டார் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி பின்னாலிருந்து, "சண்டைய விடுங்க, மத்ததும் ஏறுமே!" என்றாள்.

அமுதவல்லி விடவில்லை. மாதத்தின் கடைசி நாள் சிந்துஜா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பலத்த வாக்குவாதம். கதவு திறந்தபோது இருவர் முகத்திலும் பாதிச் சிரிப்பு இருந்தது.

"உங்க நாலு வருசக் குடித்தன நினைவக் கொடுங்க. எனக்காக இல்ல. இனிமே என்கிட்ட வர்றவங்களுக்காக."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எழுநூறு திருமணங்களும் அவளுக்குச் சொல்லவில்லை.

"உங்களாலதான் சேர்ந்திருக்கோம். மறக்கலீங்க," என்றாள் சிந்துஜா தயங்கித் தயங்கி. "ஆனா இது எங்களுதுங்க. நாளைக்குப் பிரிஞ்சம்னா வேணா சொல்லி அனுப்பறோம்."